விசிறி ஓடினால் பெயர் தெரியாது

பட்டிமன்றத் தலைப்பு: ஈகைக்கு அழகு, முகம் பார்த்துக் கொடுப்பதா? முகம் தெரியாமல் கொடுப்பதா?
‘முகம் பார்த்துக் கொடுப்பதே’ அணியின் நிறைவுரை

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், விழாக் குழுவினருக்கும், தைப் பனியில் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு இன்னும் எழுந்து போகாமல் இருக்கும் உங்களுக்கும் வணக்கம். மணி பதினொன்றரை. வணக்கத்தை இதற்கு மேல் நீட்டினால் முன்வரிசையில் தூங்கும் அந்தக் குழந்தை விழித்துக்கொள்ளும். அது விழித்தால் அதன் அம்மா எழுந்துவிடுவார். அம்மா எழுந்தால் பக்கத்து வீட்டு அக்காவும் துணைக்கு எழுந்துவிடுவார். பிறகு நான் நாற்காலிகளுக்குத்தான் பேச வேண்டும்.

நடுவரிடம் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ‘ஐயா, முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்’ என்று கேட்பதுதான் முறை. என் தலைப்போ முகம் பார்க்க வேண்டும் என்கிறது. ஆகவே ஐயா, நீங்கள் என் முகத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லலாம். பாவப்பட்ட முகம்தான்.

எதிரணியில் கடைசியாகப் பேசிய தங்கை கல்லூரிப் பேராசிரியர். நன்றாகப் பேசினார். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்றார். ரத்த தானத்தைச் சொன்னார், கண் தானத்தைச் சொன்னார். கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினால் எங்கோ ஒரு பிள்ளைக்குப் படிப்புச் செலவு போய்ச் சேருகிறது, கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, அதுதான் தூய ஈகை என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் பொறாமைக்காரன் என்று நினைப்பீர்களே.

ஒவ்வொன்றாகப் பதில் சொல்லத்தான் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது, சரி. கண்ணுக்குத் தெரியலாமா, கூடாதா? அதைப் பற்றி அந்த வாக்கில் ஒன்றுமே இல்லையே! இரண்டு கைக்கும் நடுவில் உள்ள பஞ்சாயத்து அது. முகத்தை ஏன் இழுக்கிறீர்கள்? கண் தானத்துக்கு வருகிறேன். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்துவிட வேண்டும் என்பார்கள். ஒருவர் கொடுத்தால் இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்கலாம். கொடுத்தவர் வாங்கியவரின் முகத்தைப் பார்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தங்கையே, அவர் கொடுத்ததே முகம் பார்ப்பதற்குத்தானே! தன் ஆயுளுக்குப் பிறகும் இரண்டு பேர் முகம் பார்க்கட்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனவர் எந்த அணி? அவரை எங்கள் பக்கம் அனுப்பி வையுங்கள்.

இந்த வேகத்தில் போயிருந்தால் பத்து நிமிடத்தில் முடித்திருப்பேன். ஆனால் தங்கை கடைசியில் ஒன்றைச் சொன்னார். அதற்குத்தான் நீங்கள் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சிரித்தீர்கள். பின்வரிசையில் ஒரு பெரியவர் சிரித்த சிரிப்பில் அவர் நாற்காலியின் கால் மண்ணில் இறங்கிவிட்டது. என்ன சொன்னார்? ‘முகம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று வாதாட வந்திருக்கும் அண்ணனின் ஊர்க் கோயிலில் ஒரு மின்விசிறி இருக்கிறது. அவருடைய சித்தப்பாவின் உபயம். மூன்று இறக்கையிலும் பெயர் எழுதியிருக்கிறது. விசிறி ஓடினால் பெயர் தெரியாதே என்று, கூட்டம் வியர்த்து வழியும்போது சித்தப்பா எழுந்து விசிறியை நிறுத்தச் சொன்னார். இதுதான் நீங்கள் முகம் காட்டிக் கொடுக்கும் இலட்சணம்!’ என்றார்.

இந்தக் கதை தங்கைக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொன்னேன். மேடை ஏறுவதற்கு முன் பின்னால் எல்லோருக்கும் வடை கொடுத்தார்கள். தின்றுகொண்டே பேச்சுவாக்கில் சொன்னேன். என் தட்டில் இருந்த இரண்டாவது வடையையும் எடுத்துக்கொண்டு, என் கதையையும் எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்து, என் தலையிலேயே போட்டுவிட்டார். பரவாயில்லை. கதையை நான் முகம் பார்த்துத்தான் கொடுத்தேன்.

ஆனால் ஒன்று. நான் சொன்னது பாதிக் கதை. மீதியைச் சொல்வதற்குள் வடை தீர்ந்துவிட்டது. தங்கை எழுந்து போய்விட்டார். அதனால் நடுவர் ஐயா, தாளில் எழுதி வைத்திருப்பதை மடித்துப் பையில் வைக்கிறேன். இந்த விசிறியை முழுக்க ஓட்டிக் காட்டாமல் நான் உட்கார மாட்டேன்.

எங்கள் ஊர் பரமக்குடிப் பக்கம். மழை வழி தவறி வந்தால்தான் உண்டு. 1984 பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு மின்சாரம் வந்தது. அம்மன் வந்தாளோ இல்லையோ, மின்சாரம் வந்ததைப் பார்க்க ஊரே வந்தது. சென்னையில் உணவகத்தில் வேலை பார்த்த என் சித்தப்பா, மண்டபத்துக்கு ஒரு மின்விசிறி கொண்டுவந்தார். எப்படிக் கொண்டுவந்தார் தெரியுமா? மோட்டாரை அட்டைப் பெட்டியில் வைத்து மடியில் சுமந்துகொண்டு, மூன்று இறக்கைகளையும் ஒரு வேட்டியில் தனியாகச் சுற்றி, ராத்திரி முழுவதும் ரயிலில் தூங்காமல் வந்தார். ‘யாராவது காலை நீட்டி இறக்கை வளைந்துவிட்டால்?’ என்பார். பெண் அழைத்து வருகிறவர்கூட அவ்வளவு பத்திரமாக வரமாட்டார்.

மண்டபத்தின் கூரை உயரம். ஏணிக்கு மேல் ஏணி கட்டி விசிறியை மாட்டினார்கள். பங்குனி வெயில். அன்னதானப் பந்தியில் இருநூறு பேர். பூசாரி சுவிட்சைப் போட்டார். அந்தக் காலத்து விசிறி. முதலில் ஒரு முனகல் வரும், பிறகு யோசிக்கும், பிறகு சுற்றும். சுற்றியது. இலை பறந்தது. ஒரு பையனின் அப்பளம் பறந்தது. அவன் அதன் பின்னாலேயே பறந்தான். ஊரே ‘ஆகா’ என்றது. அப்போது சித்தப்பா எழுந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டார். ‘கொஞ்சம் நிறுத்துங்கள்’ என்றார்.

நிறுத்தினார்கள். காற்று நின்றது. இருநூறு பேருக்கும் ஒரே நேரத்தில் வியர்த்தது. ‘எல்லோரும் ஒரு தடவை மேலே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றார். எல்லோரும் பார்த்தார்கள். முதல் இறக்கையில் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக ‘உபயம்’ என்று இருந்தது. எழுதிய ஆள் முதல் இறக்கையில் தாராளமாகத் தொடங்கியிருக்கிறார். அடுத்த இறக்கையில் எழுத்து அதிகம், இடம் போதவில்லை, சிறுத்துவிட்டது. அந்த உயரத்தில் யாருக்கும் அது தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, உபயம் யார் என்று ஊருக்குத் தெரியாதா? ‘சரி, சரி, பார்த்துவிட்டோம், போடப்பா’ என்று கத்தினார்கள்.

அப்போது என் அப்பத்தா, சித்தப்பாவைப் பெற்ற தாய், பந்தியில் நாலாவது இலையில் உட்கார்ந்தபடி ஒன்று கேட்டார். எங்கள் ஊரில் நாற்பது வருடமாக அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ‘ஏனப்பா, காற்று வாங்கத்தான் விசிறி என்று நினைத்தேன். நீ பெயர் வாங்கவா கொண்டுவந்தாய்?’

சிரித்துவிட்டீர்களா? பந்தியும் சிரித்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார். விசிறி மறுபடி ஓடியது.

அதோடு முடிந்ததா? எங்கள் ஊரில் மின்சாரம் எப்போது போகும் என்று கோயில் பல்லிகூடச் சொல்லாது. சித்தப்பா விடுமுறையில் வந்திருக்கும்போது மாலையில் மண்டபத்தில் உட்காருவார். மின்சாரம் போகும். ஊரே சலித்துக்கொள்ளும். கிணற்று மோட்டார் நின்றவன் திட்டுவான், வானொலி நின்றவன் திட்டுவான், மாவு மில்லில் பாதி அரைத்து நின்றவள் சாபமே கொடுப்பாள். ஒரே ஒரு மனிதர் மட்டும் அண்ணாந்து மேலே பார்ப்பார். விசிறி வேகம் குறைந்து, குறைந்து, நிற்கப் போகும் நேரத்தில் எழுத்துகள் தெரியத் தொடங்குமே, அதற்காக! பிள்ளைகள் நாங்கள் கை தட்டுவோம். ‘சித்தப்பா பெயர் வந்துவிட்டது, சித்தப்பா பெயர் வந்துவிட்டது’ என்று குதிப்போம். தமிழ்நாட்டிலேயே மின்வெட்டை ரசித்த ஒரே மனிதர் என் சித்தப்பாதான்.

தங்கைக்கு நான் சொன்னது இது வரைக்கும்தான். இது வரைக்கும் கேட்டால் யாருக்கும் தங்கை சொன்னதுதான் சரி என்று தோன்றும். விளம்பரத்துக்குக் கொடுத்தவர், பெயருக்குக் கொடுத்தவர் என்று தோன்றும். தோன்றட்டும். விசிறியை அப்படியே ஓடவிட்டு, வேறு இரண்டு பேரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மருத்துவமனையில் ரொட்டி கொடுக்கும் படங்களைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். தங்கையும் அதைச் சொல்லித்தான் எங்களைக் கேலி செய்தார். ஒரு நோயாளி, ஒரு ரொட்டிப் பாக்கெட், அந்தப் பாக்கெட்டில் எட்டுக் கைகள். அவ்வளவு கனமான ரொட்டியை நோயாளி எப்படித் தின்பார் என்று நமக்கே கவலையாகிவிடும். அந்தப் படத்தை நன்றாகக் கவனியுங்கள். எட்டுப் பேரும் எங்கே பார்க்கிறார்கள்? கேமராவை! நோயாளியின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அதிலும் ஒருவருடைய முழங்கை அவர் முகத்தையே மறைத்திருக்கும். அப்படியானால் அந்த எட்டுப் பேரும் முகம் தெரியாமல் கொடுக்கிறவர்கள். நடுவர் ஐயா, அவர்கள் எட்டுப் பேரையும் எதிரணியின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு வேண்டாம்.

இன்னொருவர், அதியமான். கொடையில் பெயர் பெற்றவன். அவனிடம் பெருஞ்சித்திரனார் என்ற புலவர் பரிசில் கேட்டுப் போகிறார். மலை ஏறி, குன்று இறங்கி, கால் தேயப் போகிறார். வீட்டில் வறுமை என்றால் அப்படி இப்படி இல்லை. அதையும் அவரே பாடியிருக்கிறார். அதியமான் அன்று அவரைப் பார்க்கவில்லை. ‘இதை வாங்கிக்கொண்டு போகச் சொல்’ என்று பரிசை உள்ளேயிருந்து கொடுத்தனுப்பினான். நீங்களும் நானும் என்ன செய்வோம்? வாங்கிக்கொண்டு ‘வாழ்க’ என்று சொல்லிவிட்டு, பார்க்காமல் கொடுத்ததே நல்லது, நலம் விசாரித்து நேரத்தை வீணாக்கவில்லை என்று வந்துவிடுவோம். அவர் வாங்கவில்லை. ‘காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்றார். என்னைப் பார்க்காமலே கொடுத்த பொருளை வாங்கிப் போக நான் என்ன வியாபாரியா என்று கேட்டுவிட்டு, அன்போடு, என் தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்கிறார். வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாத மனிதர் சொல்கிறார்! எனக்கு இந்த ஒரு பாட்டுப் போதும். ஆனால் கைப்பேசியில் தட்டி அனுப்புவதே தூய ஈகை என்கிற தங்கையிடம் சொன்னால், பெருஞ்சித்திரனாருக்குக் கணக்கு எண் இல்லை, அதனால்தான் வாங்கவில்லை என்பார்.

வள்ளலாரைச் சொல்லாமல் போனால் பாவம். 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ‘வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்’ என்று பாடினார். கண்டபோது! யாரோ வந்து சொன்னபோது இல்லை. பயிருக்கே முகம் பார்த்த மனிதர் அவர். இதற்கு மேல் விளக்கினால் தமிழாசிரியர் ஆகிவிடுவேன். விசிறிக்கு வருகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது. பங்குனிப் பொங்கலுக்கு மண்டபத்தைக் கழுவி வெள்ளையடிக்கிறார்கள். விசிறியைத் துடைக்க மெலிந்த ஆளாகப் பார்த்து ஏற்ற வேண்டும்; ஊரில் என்னைவிட மெலிந்தவன் கிடையாது. இப்போது பார்த்தால் நம்ப மாட்டீர்கள். ஈரத் துணியோடு ஏணியில் ஏறினேன். கீழே சித்தப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இறக்கைகளின் மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. அடிப்பக்கமெல்லாம் எண்ணெய்ப் புகை படிந்து கறுப்பு. முதல் இறக்கையைத் துடைத்தேன். ‘உபயம்’. அது தெரிந்ததுதான். இரண்டாவது இறக்கையைக் கையால் இழுத்துத் திருப்பினேன். துணி போகப் போகச் சிவப்பு எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சித்தப்பாவின் பெயர் ‘மு’ என்று தொடங்கும். இது ‘இ’ என்று தொடங்கியது. அடுத்தது ‘ட்’. அடுத்தது ‘லி’.

‘இட்லிக்கார அம்மா’ என்று எழுதியிருந்தது.

மூன்றாவது இறக்கையைத் துடைத்தேன். ‘எழும்பூர்’.

உபயம், இட்லிக்கார அம்மா, எழும்பூர். என் சித்தப்பாவின் பெயர் அந்த விசிறியில் எங்குமே இல்லை. ஊரில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் எல்லாம் ‘உபயம்’ வரைக்கும் படித்துவிட்டு மீதியைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். நாங்கள் பிள்ளைகள் கை தட்டிக் குதித்தோமே, அது யார் பெயருக்கு என்று எங்களுக்கே தெரியாது.

ஏணியிலிருந்து கீழே பார்த்தேன். சித்தப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ‘படித்துவிட்டாயா?’ என்றார். தலையாட்டினேன். ‘அப்பத்தாவிடம் சொல்லிவிடாதே’ என்றார்.

அன்று சாயங்காலம் கண்மாய்க் கரையில் வைத்துச் சொன்னார். 14 வயதில் வீட்டில் கோபித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ராமேசுவரம் ரயிலில் ஏறி எழும்பூரில் போய் இறங்கியிருக்கிறார். கையில் காசு இல்லை. தெரிந்த முகம் இல்லை. நிலையத்துக்கு வெளியே நடைபாதையில் ஒரு அம்மா இட்லி அவித்து விற்றுக்கொண்டிருந்தார். இவர் எதிரே நின்று ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. அந்த அம்மா இட்லி தட்டை எடுத்தார். துணியிலிருந்து இட்லியைப் பிரித்தார். இவர் முகத்தைப் பார்த்தார். ‘இந்தாப்பா, இது உடைந்துவிட்டது. விற்க முடியாது. நீ தின்றுவிடு’ என்று ஒன்றை இலையில் வைத்துக் கொடுத்தார்.

மறுநாளும் நின்றார். மறுநாளும் ஒன்று உடைந்தது. அதற்கடுத்த நாளும் உடைந்தது. பத்து நாள் போனபின் இரண்டு உடைந்தது. பிறகு மூன்று. இவருக்குச் சந்தோஷம், இந்த அம்மாவுக்கு இட்லி எடுக்கவே தெரியவில்லை, நல்லவேளை நமக்கு என்று நினைத்துக்கொண்டார். ஒரு உணவகத்தில் எச்சில் தட்டுக் கழுவும் வேலை கிடைக்கும் வரை, நாற்பது நாள், உடைந்த இட்லியில் உயிரோடு இருந்தார்.

வீட்டுக்குக் கடிதம் போட்டபோது ‘வந்த அன்றே வேலை கிடைத்துவிட்டது, மூன்று வேளையும் நல்ல சாப்பாடு’ என்று எழுதினார். பெற்ற தாயிடம் வேறு எப்படி எழுதுவது? அதனால்தான் பந்தியில் அப்பத்தா அத்தனை பேர் முன்னால் ‘பெயர் வாங்கவா கொண்டுவந்தாய்’ என்று கேட்டபோது, வாயைத் திறக்காமல் சோற்றைப் பிசைந்தார். யாருடைய பெயர் என்று சொன்னால், நாற்பது நாள் தன் பிள்ளை நடைபாதையில் நின்றான் என்று அந்தத் தாய்க்குத் தெரிந்துவிடும். சொல்லவும் முடியாமல், எழுதாமல் இருக்கவும் முடியாமல், எழுதி மேலே மாட்டிவிட்டு, ‘ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் கேட்டார்.

தங்கை இப்போது தாளில் ஏதோ வேகமாகக் குறிக்கிறார். தெரியும், தங்கையே. ‘பெயர்கூடத் தெரியாத ஒருத்திதானே கொடுத்தாள், இது எங்கள் கட்சி’ என்று சொல்லப் போகிறீர்கள். பெயர் தெரியாதுதான். தலைப்பு பெயரைப் பற்றியா இருக்கிறது? அந்த அம்மா இவர் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. முகத்தை மட்டும்தான் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருந்தால் முழு இட்லியை அல்லவா கொடுத்திருப்பார்? முழு இட்லி என்றால் அது பிச்சை, பையன் வாங்க மாட்டான். உடைந்த இட்லி என்றால் வாங்குவான் என்று அந்த முகத்தைப் பார்க்காமல் எப்படித் தெரியும்? ‘இன்னாது இரக்கப் படுதல் இரந்தவர் இன்முகங் காணும் அளவு’ என்கிறார் வள்ளுவர். கேட்டவர் முகம் மலர்வதைக் காணும்வரை, கேட்கப்படுபவருக்கும் துன்பம்தான் என்கிறார். இந்த அம்மா வள்ளுவரை ஒரு படி தாண்டிவிட்டார். பையனைக் கேட்கவே விடவில்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஐயா, இன்னும் இரண்டு நிமிடம். என் கட்சி ஜெயித்தாலும் தோற்றாலும் சரி, இதை முடித்துவிடுகிறேன்.

ஓராண்டு கழித்துக் கையில் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு சித்தப்பா அந்த இடத்துக்குப் போனார். அங்கே ஒருவர் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். ‘இங்கே இட்லிக்கார அம்மா இருந்தார்களே?’ என்று கேட்டார். ‘எந்த இட்லிக்கார அம்மா?’ என்றார் அவர். அதற்கு என்ன பதில் சொல்வது? பெயர் தெரியாதே. அந்தத் தெருவில் மூன்று நாள் சுற்றியிருக்கிறார். பெண்கள் முகமாகப் பார்த்துப் பார்த்துப் போயிருக்கிறார். ஒரு தடவை அடிகூட வாங்கப் பார்த்தார். கிடைக்கவில்லை.

இதற்குள் சித்தப்பா உணவகத்தில் தட்டுக் கழுவுவதிலிருந்து அடுப்படிக்கு உயர்ந்திருந்தார். ஒரு நாள் விடிகாலையில் முதல் முறையாக அவரே இட்லி எடுத்தார். ஈரத்துணி விரித்து ஊற்றியது. வெந்ததும் தட்டைக் கவிழ்த்துத் துணியின் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்து இழுத்தார். பூப் போல வந்தது. அடுத்த தட்டு. பூப் போல வந்தது. முந்நூறு இட்லி எடுத்தார். ஒன்றுகூட உடையவில்லை.

அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன் என்று சொன்னார். நாற்பது நாள், ஒரு நாள் தவறாமல், பல வருடம் இட்லி விற்ற கைக்கு எப்படி உடைந்தது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

கண்மாய்க் கரையில் இதைச் சொல்லிவிட்டு அவர் அழவில்லை. எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. பன்னிரண்டு வயதில் என்ன தெரியும்? ‘சித்தப்பா, அப்படியென்றால் மின்சாரம் போனால் இனிமேல் நான் கை தட்டவா, வேண்டாமா?’ என்று கேட்டேன். ‘தட்டு, நன்றாகத் தட்டு’ என்றார்.

அப்பத்தா கடைசிவரை அது தன் மகன் பெயர் என்றே நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். கடைசிக் காலத்தில் மண்டபத்தில்தான் படுத்திருப்பார். வருகிறவர்களிடம் எல்லாம் மேலே கையைக் காட்டி, ‘என் பிள்ளை பெயர்’ என்பார். ஒரு காலத்தில் கேலி செய்த அதே வாய். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து ‘ஆமாம் ஆத்தா’ என்பார். அந்த ஆமாமில் யாருக்கு என்ன நட்டம்?

சித்தப்பா ஊர் திரும்பிப் பரமக்குடியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இட்லிக் கடை போட்டார். இப்போது அவர் இல்லை. கடையை அவருடைய மகன், என் தம்பி, நடத்துகிறான். போன மாதம் விடிகாலையில் பேருந்தை விட்டு இறங்கிக் கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். ஓரமாக ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். தோளில் ஒரு பை, காலில் செருப்பு இல்லை. இட்லிப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி அவனைப் பார்த்தான். என்னிடம் பேசிக்கொண்டே மூடியைத் திறந்து, தட்டைக் கவிழ்த்து, தண்ணீர் தெளித்துத் துணியை இழுத்தான். ஒன்றுகூட உடையவில்லை. பையன் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். பெருவிரலை மூன்று இட்லியில் வைத்து அழுத்தினான்.

‘இந்தாப்பா, இது உடைந்துவிட்டது’ என்றான்.

மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.